ராயல்ஸின் ஒன்பது பேர்: 2011 பட்டியலில் யாரை எங்கே வைப்பது?

2011 பேஸ்பால் பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, பேஸ்பால் அமெரிக்கா இதழ் ஆண்டுதோறும் வெளியிடும் மேஜர் லீக் என்ற உச்சநிலைக்குக் கீழே வளரும் நூறு சிறந்த மைனர் லீக் ஆட்டக்காரர்களின் பட்டியல் வந்தபோது, அதில் கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் என்ற ஒரே அணியின் பெயர் ஒன்பது முறை இருந்தது. எரிக் ஹாஸ்மர் 8, மைக் முஸ்டாக்கஸ் 9, வில் மயர்ஸ் 10, ஜான் லாம் 18, மைக் மான்ட்கமரி 19, கிறிஸ்டியன் கோலோன் 51, டேனி டஃபி 68, ஜேக் ஓடரிஸி 69, கிரிஸ் டுவயர் 83. அந்தப் பட்டியலில் ஓர் அணிக்கு ஒன்பது இடங்கள் கிடைத்தது அதுவே முதல் முறை. 1985-க்குப் பிறகு ஒருமுறைகூட இறுதிச் சுற்றுகளுக்குள் நுழையாத, 2002 முதல் 2006 வரையிலான ஐந்து பருவங்களில் நான்கில் நூறு அல்லது அதற்கு மேற்பட்ட ஆட்டங்களில் தோற்ற ஓர் அணிக்கு, அந்த ஒன்பது பேரும் கையிருப்பில் இருந்த முழுச் சொத்து எனலாம்.

இப்படிப்பட்ட பட்டியல்களை ரசிகர்கள் பொழுதுபோக்காகப் படிக்கிறார்கள். அணி நிர்வாகத்துக்கோ அது பணப் பிரச்சினை. மேஜர் லீக்குக்கு வந்த ஓர் ஆட்டக்காரரை அணி ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியும். முதல் மூன்று ஆண்டுகளுக்கு அவருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளமும் குறைவு. கன்சாஸ் சிட்டி போன்ற சிறிய சந்தையில் இருக்கும் ஓர் அணி, நியூயார்க்கோடும் பாஸ்டனோடும் போட்டியிட அந்த ஆறு ஆண்டுகளை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே யாரைத் தொடாமல் வைத்திருப்பது, யாரை வேறோர் அணிக்குக் கொடுத்துப் பண்டமாற்றாக இன்னொருவரை வாங்குவது, யாருக்காக நாற்பது பேர் கொண்ட பட்டியலில் ஓர் இடத்தை ஒதுக்குவது என்ற முடிவுகள் அனைத்தும் இந்த வரிசையிலிருந்தே பிறக்கின்றன. பொது மேலாளர் டேட்டன் மூர் 2006-இல் பொறுப்பேற்றதிலிருந்து ஐந்தாண்டுகள் பொறுத்துச் சேர்த்த கூட்டம் இது. அதை எந்த வரிசையில் அடுக்குவது என்பது அப்போது திறந்திருந்த கேள்வி. பின்னால் நடந்ததெல்லாம் நமக்குத் தெரியும் என்பதால் இப்போது அதை எடுத்துப் பார்ப்பது பயனுள்ளதாகவும் இருக்கிறது. ஆனால் விதி ஒன்றுதான்: வரிசையை 2011 பிப்ரவரியில் தெரிந்த விவரங்களை மட்டும் வைத்து அமைக்க வேண்டும், பின்னால் நடந்ததை அந்த வரிசையைச் சோதிக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

அளவுகோல்கள் பற்றிச் சுருக்கமாக. இளம் ஆட்டக்காரர்களை நேரில் பார்த்து எடைபோடும் தேர்வாளர்கள் ஒவ்வொரு திறனுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுகிறார்கள். 50 என்பது மேஜர் லீக் சராசரி. பந்தைத் தொடும் திறன், வலுவாக அடிக்கும் திறன், ஓட்டம், களத்தடுப்பு, எறிதல் என்று மட்டையாளருக்கு ஐந்து மதிப்பெண்கள். பந்துவீச்சாளருக்கு ஒவ்வொரு வகைப் பந்துக்கும் ஒன்று, கட்டுப்பாட்டுக்கு ஒன்று. இவை போதாது. அவர் எந்தப் படிநிலையில் (கீழிருந்து மேலாக லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ), எந்த வயதில், எந்த மைதானத்தில் அந்த எண்களைக் குவித்தார் என்று பார்க்க வேண்டும். கடைசியாக, களத்தில் எந்த இடத்தில் நிற்பார் என்பதைப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பட்டியல்கள் தரும் எடை எப்போதும் குறைவு என்பது என் எண்ணம். கீழே அது பல இடங்களில் வரும்.

முதலில் மூன்று மட்டையாளர்கள். அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில், 2008-இல் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டு, அறுபது லட்சம் டாலர் ஒப்பந்தத் தொகை பெற்ற ஹாஸ்மர், 2009-இல் .241 என்ற சராசரியோடு (பந்தை அடிக்க எடுத்த வாய்ப்புகளில் ஹிட் ஆன பங்கு) தடுமாறினார். தேர்வாளர்கள் சிலர் அவர் மீதிருந்த நம்பிக்கையைக் குறைத்துக்கொண்டார்கள். பார்வைக் குறைபாடு கண்டறியப்பட்டு, அந்தப் பருவம் முடிந்ததும் லேசர் சிகிச்சை செய்துகொண்டார். 2010-இல் சராசரி .338, ஹோம் ரன் (பந்தைக் களத்துக்கு வெளியே அடிப்பது) 20. இந்த இருபதைப் பிரித்துப் பார்த்தால் சுவாரஸ்யமான ஒன்று தெரியும். ஹை-ஏ படிநிலையில் வில்மிங்டன் அணிக்காக ஆடிய 87 ஆட்டங்களில் ஏழு. டபுள்-ஏ படிநிலைக்கு உயர்ந்து வடமேற்கு ஆர்க்கன்சாஸ் அணிக்காக ஆடிய 50 ஆட்டங்களில் பதின்மூன்று. வில்மிங்டன் மைதானம் மட்டையாளர்களின் கைகளைக் கட்டிப்போடும் மைதானம் என்று அந்த லீக்கில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பாதிகளையும் ஒரே இருபதாகக் கூட்டிவிட்டால், ஹாஸ்மரின் வலிமை நடுத்தரமானது என்று தவறாகத் தோன்றும். மைதானத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அது உயர்தரமானது. ஓராண்டுச் சரிவுக்குக் கண் ஒரு தெளிவான காரணமாக இருந்ததால், 2009-ஐ ஏறக்குறைய ஒதுக்கிவைத்துவிட்டே அவரை எடைபோடலாம்.

ஹாஸ்மருக்கு எதிரான ஒரே வாதம் அவர் நிற்கும் இடம். முதல் பேஸ் என்பது களத்தடுப்பில் மிகக் குறைவாகக் கேட்கும் இடம். அங்கே நிற்பவர் மற்ற எல்லோரையும்விட நன்றாக அடித்தாக வேண்டும், சராசரியாக அடித்தால் அணிக்கு அவரால் பெரிய பயன் எதுவும் கிடையாது. இடக்கைக்காரர் என்பதால் மூன்றாம் பேஸுக்கோ, மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் இடத்துக்கோ அவரை மாற்றவும் முடியாது. மணிக்கு 95 மைல் வேகத்தில் பந்தெறிந்த முன்னாள் பள்ளிப் பந்துவீச்சாளராகவே இருந்தாலும் அந்தக் கை முதல் பேஸில் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். ஆகவே ஹாஸ்மரை முதலிடத்தில் வைப்பவர், அவர் மட்டை ஒன்றுமட்டுமே முழுப் பாரத்தையும் சுமக்கும் என்று பந்தயம் கட்டுகிறார். அந்தப் பந்தயம் தவறில்லை. ஆனால் அது பந்தயம்தான் என்று சொல்லிவிட்டே கட்ட வேண்டும்.

முஸ்டாக்கஸ் வேறு வகை. 2007 தேர்வில் இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். 2010-இல் டபுள்-ஏயில் 66 ஆட்டங்களில் .347 சராசரியும் 21 ஹோம் ரன்களும், பிறகு ட்ரிபிள்-ஏயில் ஒமாஹா அணிக்காக 52 ஆட்டங்களில் .293 சராசரியும் 15 ஹோம் ரன்களும், மொத்தம் 36. ராயல்ஸ் அணியின் வரலாற்றில் ஒரே பருவத்தில் ஒருவர் அடித்த அதிகபட்ச ஹோம் ரன் எண்ணிக்கையும் அப்போது 36-தான். 1985-இல் ஸ்டீவ் பால்போனி அடித்தது. காஃப்மன் மைதானத்தின் வெளிக்களம் அவ்வளவு அகலமானது. மைனர் லீக்கில் அடித்த 36-ஐ அதோடு ஒப்பிட முடியாது என்பது சரி. என்றாலும், ஒரு தலைமுறையாக இடக்கை அதிரடி மட்டையாளர் ஒருவருக்காக ஏங்கிக் கிடந்த அணி, அந்த எண்ணைப் பார்த்து மயங்கியதைப் புரிந்துகொள்ள முடிகிறது. மூன்றாம் பேஸில் நிற்பார் என்பதும், மேஜர் லீக்குக்கு ஒரே படி கீழே இருக்கிறார் என்பதும் அவருக்குச் சாதகம்.

பாதகம் எது? அவர் பந்துகளை விட்டுவைப்பதில்லை. நான்கு தவறான பந்துகளை விட்டுவிட்டு வாக் மூலம் பேஸுக்குப் போவது அரிது. தவறான பந்தையும் தொட்டுவிடும் கை வேகம் இருந்ததால் மைனர் லீக்கில் அது குறையாகத் தெரியவில்லை. டபுள்-ஏயில் .347 இருந்தது ட்ரிபிள்-ஏயில் .293 ஆகக் குறைந்ததைச் சாதாரணமானது என்று தள்ளிவிடலாம். ஆனால் மேலே போகப் போகப் பந்துவீச்சாளர்கள் அடிக்க முடியாத இடத்தில் பந்தைப் போட்டு ஆசை காட்டுவார்கள் என்ற எச்சரிக்கையாகவும் அதைப் படிக்கலாம். நான் இரண்டாவது வகையாகவே படித்திருப்பேன். நடந்ததும் அதுதான்: 2014 மே மாதத்தில் .150-ஐ ஒட்டிய சராசரியோடு அவரை ஒமாஹாவுக்கே திருப்பி அனுப்பினார்கள், அந்தப் பருவம் முழுவதுக்கும் சராசரி .212. அதே ஆண்டு இறுதிச் சுற்றுகளில் ஐந்து ஹோம் ரன் அடித்ததும், எதிர்த்திசையில் அடிக்கப் பழகி 2015-இல் .284-க்கு உயர்ந்ததும், 2017-இல் 38 ஹோம் ரன் அடித்துப் பால்போனியின் சாதனையை முறியடித்ததும் அடுத்த கதை. அந்த 38-இலும் அவருடைய வாக் எண்ணிக்கை குறைவாகவே இருந்தது.

மயர்ஸுக்கு அப்போது 20 வயது. 2009 தேர்வில் மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்டாலும், முதல் சுற்றுக்காரருக்குரிய இருபது லட்சம் டாலர் கொடுத்துப் பிடித்தார்கள். 2010-இல் லோ-ஏ, ஹை-ஏ இரண்டிலுமாக .315 சராசரி, 14 ஹோம் ரன். பேஸ் அடைந்த விகிதம்.429. இந்தக் கடைசி எண்ணை இன்னொரு முறை பார்க்க வேண்டும். வில்மிங்டனில் ஆடிய ஒரு பத்தொன்பது வயதுக்காரர் பத்தில் நான்கு முறைக்கு மேல் பேஸை அடைகிறார் என்றால், எந்தப் பந்தை விடுவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூவரிலும் தீர்ப்பறிவு மிகுந்த மட்டை அவருடையதுதான். அவர் கேட்சராகவே நீடித்திருந்தால் ஒன்பது பேரில் முதலிடத்தை அவருக்குத் தயங்காமல் கொடுத்திருப்பேன். ஆனால் அந்தக் குளிர்காலத்திலேயே அவரை வெளிக்களத்துக்கு மாற்றுவது என்று அணி முடிவெடுத்துவிட்டது. மட்டை சீக்கிரம் மேலே வரும், கேட்சர் வேலை அதைத் தாமதப்படுத்தும் என்பது காரணம். காரணம் நியாயமானது, அதற்கு விலையும் உண்டு. .429 பேஸ் விகிதமுள்ள கேட்சர் அபூர்வம், .429 பேஸ் விகிதமுள்ள வலது வெளிக்களக்காரர் சிறந்த ஆட்டக்காரர். இரண்டுக்கும் இடையே பட்டியலில் இரண்டு மூன்று இடங்கள் வித்தியாசம் உண்டு.

இந்த மூவரையும் எப்படி அடுக்குவது? நான் ஹாஸ்மரை முதலிலும் மயர்ஸை அடுத்தும் முஸ்டாக்கஸை மூன்றாவதாகவும் வைப்பேன். இரண்டு படிநிலை முன்னே இருப்பதற்காக மயர்ஸுக்கு மேலே முஸ்டாக்கஸை வைப்பது எனக்கு உடன்பாடில்லை. அருகில் இருப்பதால் கிடைக்கும் உறுதி, பந்தை விடத் தெரியாததால் வரும் உறுதியின்மையில் கரைந்துவிடுகிறது. இரண்டு வயது இளையவர் என்பதும் மயர்ஸின் பக்கம். ஆனால் மூவருக்கும் இடையிலான இடைவெளி மிகச் சிறியது, இந்த மூவருக்கும் நான்காவது ஆளுக்கும் இடையிலான இடைவெளி பெரியது என்பதை எந்த எண்வரிசையும் காட்டாது. 8, 9, 10 என்று அடுத்தடுத்து நிற்பதும், பிறகு 18-க்குத் தாவுவதும் அந்த இடைவெளியை ஓரளவு தற்செயலாகவே சொல்லிவிட்டன. பின்னால் நடந்ததை வைத்துச் சோதித்தாலும் இது நிற்கிறது: முஸ்டாக்கஸ் 215 ஹோம் ரன்களோடும், ஹாஸ்மர் 198-ஓடும் களத்தடுப்புக்கான நான்கு தங்கக் கையுறை விருதுகளோடும், மயர்ஸ் 156-ஓடும் ஓர் ஆண்டின் சிறந்த புதுமுக விருதோடும் மேஜர் லீக் கணக்கை முடித்தார்கள். மூவரும் நல்ல ஆட்டக்காரர்கள். மூவரும் பட்டியல் எதிர்பார்த்த உயரத்தைத் தொடவில்லை.

அணிக்குள் வைத்துக்கொள்ள ஒரு வரிசை, விற்க இன்னொரு வரிசை என்பதும் இங்கேதான் வெளிப்படுகிறது. 2012-இல் மயர்ஸ் டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ இரண்டிலுமாக 37 ஹோம் ரன் அடித்து, மைனர் லீக்கின் அவ்வாண்டுச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். அதே டிசம்பரில் ராயல்ஸ் அவரையும், ஓடரிஸியையும், மான்ட்கமரியையும், பாட்ரிக் லெனார்டு என்ற இன்னொரு இளைஞரையும் டாம்பா பே ரேஸ் அணிக்குக் கொடுத்து, ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், வேட் டேவிஸ் என்ற இரண்டு பந்துவீச்சாளர்களை முதன்மையாகப் பெற்றது. அன்று அமெரிக்கப் பேஸ்பால் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். அவர்கள் கணக்கு எளிது: மயர்ஸ் ஆறு ஆண்டுகளுக்கு மலிவாகக் கிடைப்பார், ஷீல்ட்ஸ் இரண்டே ஆண்டுகள் இருப்பார், அதுவும் விலை உயர்ந்தவர். ராயல்ஸின் வலது வெளிக்களமோ அப்போது காலியாகக் கிடந்தது போலத்தான். அங்கே நின்ற ஜெஃப் ஃபிராங்கோர் 2012-இல்.235 அடித்திருந்தார்.

எனினும் இந்தக் கணக்கு, மதிப்பை எந்த ஆண்டில் செலவழிப்பது என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுகிறது. ஹாஸ்மரும் முஸ்டாக்கஸும் 2011-இலேயே மேலே வந்துவிட்டதால் அவர்களுக்கான ஆறாண்டுக் கடிகாரம் 2017-இல் நின்றுவிடும். மயர்ஸின் கடிகாரம் 2013-இல் தொடங்கி 2019 வரை ஓடும். அவருடைய சிறந்த ஆண்டுகளில் பாதி, மற்ற இருவரும் போன பிறகு ஆடியிருக்க வேண்டியவை. வேறோர் அணி அந்த நீண்ட கடிகாரத்துக்கு அதிக விலை கொடுக்கும். ராயல்ஸுக்கு அதனால் அவ்வளவு பயன் இல்லை. விற்பனைப் பட்டியலில் முதல் பெயர் மயர்ஸ் என்பதே இதன் பொருள், உள் பட்டியலில் அவர் இரண்டாவதாக இருந்தாலும். விளைவு என்னவாயிற்று? மயர்ஸ் 2013-இல் சிறந்த புதுமுக ஆட்டக்காரராகத் தேர்வானார். ராயல்ஸ் அதே ஆண்டு 86 ஆட்டங்களை வென்றது, 2014-இல் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை சென்று தோற்றது, 2015-இல் 95 ஆட்டங்களோடு கோப்பையையும் வென்றது. ஷீல்ட்ஸைவிட டேவிஸ்தான் இந்தப் பண்டமாற்றின் உண்மையான லாபம்: ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் பந்தெறிய மாற்றப்பட்ட அவர் 2014-இல் 1.00, 2015-இல் 0.94 என்ற ரன் சராசரியோடு (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்) ஆடி, 2015 உலகத் தொடரின் கடைசி அவுட்டையும் எடுத்தார். அது யாரும் 2012-இல் கணக்கில் சேர்க்காதது, ஆகவே அதை வைத்து முடிவைப் பாராட்டுவது கொஞ்சம் அதிகப்படி.

இனி பந்துவீச்சாளர்கள். பட்டியலில் அவர்கள் ஐந்து பேர், அவர்களில் லாம், மான்ட்கமரி, டஃபி, டுவயர் நால்வரும் இடக்கைக்காரர்கள். வரிசைக்காரர்கள் சொல்லிக்கொள்ளும் ஒரு வாசகம் உண்டு: வளரும் பந்துவீச்சாளர் என்று உலகில் ஒருவரும் கிடையாது. கிண்டலாகச் சொல்வது என்றாலும் அதிலுள்ள பொருள் கிண்டலில்லை. மட்டையாளர் ஒருவர் தோற்பதற்குப் பல வழிகள், பந்துவீச்சாளருக்கு அவையனைத்தும் உண்டு, கூடவே முழங்கையும் தோளும் உண்டு. முழங்கைத் தசைநார் கிழிந்தால் செய்யும் டாமி ஜான் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் எறிய ஓராண்டுக்கு மேல் ஆகும். திரும்பி வருபவர் அதே வேகத்தோடு வருவார் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது.

நால்வரிலும் லாமை முதலில் வைத்தது பட்டியல். அந்தத் தேதியில் நானும் அதையே செய்திருப்பேன். ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்ட அவர் 2010-இல் ஒரே பருவத்தில் மூன்று படிநிலைகளில் ஆடினார், ரன் சராசரி 2.38, ஏறத்தாழ 148 இன்னிங்ஸில் 159 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். வயது 20. மான்ட்கமரி உயரமானவர், வேகமானவர், ஆனால் அதே ஆண்டில் முன்கை வலியால் சில காலம் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். பந்துவீச்சாளரின் மருத்துவக் குறிப்பில் முன்கை என்ற சொல் வந்தால் அவரைப் பத்து இடங்களாவது கீழே இறக்குவது என் வழக்கம். 18-க்கும் 19-க்கும் இடையே ஒரே இடம் இடைவெளி விட்டது பட்டியலின் பிழை. டஃபி 2010 வசந்தத்தில் விளையாட்டையே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், சில மாதங்களில் திரும்பி வந்தவர். 68-ஆம் இடத்துக்கு அவர் சரிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். மனம் மாறித் திரும்பிய ஒருவரின் கையில் மாற்றம் எதுவும் இல்லாதபோது அதற்காக மதிப்பைக் குறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நான்கு இடக்கைக்காரர்களில் அவரை இரண்டாவதாக, மான்ட்கமரிக்கு மேலே வைத்திருப்பேன்.

முடிவுகள் எல்லோரையும் அடக்கிவிட்டன. லாமுக்கு அந்த 2011-இலேயே முழங்கை அறுவை சிகிச்சை. வேகம் முன்போல் திரும்பவில்லை. 2015 ஜூலையில் அவரையும் இன்னும் இருவரையும் சின்சினாட்டிக்குக் கொடுத்து ஜானி குவேட்டோவை ராயல்ஸ் வாங்கியது, குவேட்டோ உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் இரண்டே ஹிட்டுகளை விட்டுக்கொடுத்து முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். லாம் ராயல்ஸுக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டமும் ஆடவில்லை என்றாலும், அந்தக் கோப்பையில் அவருடைய பங்கு இப்படியாக உண்டு. டஃபிக்கும் 2012-இல் அதே அறுவை சிகிச்சை. ஆனால் அவர் 2021 வரை கன்சாஸ் சிட்டியில் எறிந்தார், ஐவரில் அந்த அணிக்கு நீண்ட காலம் உழைத்தவர் அவர்தான். மான்ட்கமரியின் பயணம் வேறு ஊர்களைச் சுற்றிப் போய், 2016-இல் சிகாகோ கப்ஸ் அணியின் நூற்றெட்டு ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்த கடைசி அவுட்டை எடுக்கும் கையாக நின்றது. 2019-இல் அவரே ராயல்ஸுக்குத் திரும்பியும் வந்தார். டுவயர் மேஜர் லீக்கில் ஆடியது இரண்டே ஆட்டங்கள். ஐவரில் ஓடரிஸி ஒருவர்தான் வலக்கைக்காரர். ஸாக் கிரெய்ங்கியை மில்வாக்கிக்குக் கொடுத்து வாங்கிய கூட்டத்தில் வந்தவர். பெரிய கூச்சல் இல்லாமல் பல அணிகளில் நிலையாக எறிந்து, 2019-இல் மின்னசோட்டாவுக்காக ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானார்.

பட்டியல் எழுதுபவர்கள் ஐந்து பந்துவீச்சாளர்களுக்கும் ஐந்து தனித்தனி இடங்களைத் தேடிக் களைத்துப்போவதை விட, அவர்களை ஒரே கூட்டமாக நினைப்பது நல்லது. ஐவரில் இருவர் நிலைத்து நிற்பார்கள், யார் என்று தெரியாது என்று வைத்துக்கொண்டால், அவர்களில் எவரையும் முதல் மூன்று மட்டையாளர்களுக்கு அருகில் வைக்கத் தோன்றாது. யாரையும் தனியாக விற்கப் பயமும் தோன்றாது. அன்று ஐவரையும் கையில் வைத்திருந்த அணிக்கு, அவர்களில் சிலரைச் சீக்கிரம் விற்பதே சரியான வழி. அதை ராயல்ஸ் தாமதமாகச் செய்தது. லாமை 2011 ஏப்ரலில் விற்றிருந்தால் கிடைத்திருக்கும் விலை 2015-இல் கிடைத்ததைப் போல் பல மடங்கு.

கோலோன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2010 தேர்வில் நான்காவதாக எடுக்கப்பட்ட கல்லூரி ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்). அவருக்குப் பிறகு ஏழாவதாக மாட் ஹார்வியும் பதின்மூன்றாவதாகக் கிறிஸ் சேலும் போனார்கள் என்பதை ராயல்ஸ் ரசிகர்கள் நீண்ட நாள் சொல்லிப் புலம்பினார்கள். ஓட்டமும் எறியும் சராசரி, ஆகவே இரண்டாம் பேஸுக்கு மாறிவிடுவார் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். அவரை நூற்றுக்குள் வைத்தது தேர்வில் கிடைத்த இடத்துக்கான மரியாதை. ஆயினும் 2015 நவம்பர் 1 அன்று, நியூயார்க் மெட்ஸுக்கு எதிரான உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. எட்டு இன்னிங்ஸ் ஒரு ரன்னும் கொடுக்காமல் எறிந்த அதே ஹார்வி ஒன்பதாவதுக்கும் வந்தார். ஹாஸ்மர் இரட்டை ஹிட் அடித்து ஒரு ரன் எடுத்துக் கொடுத்தார், பிறகு மூன்றாம் பேஸிலிருந்து, எதிரணி முதல் பேஸுக்குப் பந்தை எறியும் கணத்தில் வீட்டை நோக்கி ஓடினார். அங்கிருந்து வந்த எறி விலகிப் போனது, ஆட்டம் சமனானது. பன்னிரண்டாவது இன்னிங்ஸில், அந்த இறுதிச் சுற்றுகளில் அதுவரை ஒருமுறைகூட மட்டை பிடிக்காத கோலோன் மாற்று மட்டையாளராக வந்து வெற்றி ரன்னை அடித்தார். இதனால் 51-ஆம் இடம் சரியென்று ஆகிவிடாது. ஒரு ஆட்டத்தின் ஓர் அடி, ஆறு ஆண்டு மதிப்பை அளக்கும் பட்டியலில் ஒரு துளிதான்.

ஹாஸ்மர் வீட்டுக்கு ஓடக் காரணமான அந்தத் தரைப் பந்தை அடித்தவர் சல்வடோர் பெரெஸ். ஒன்பது பேரில் அவர் பெயர் கிடையாது. வெனிசுவேலாவிலிருந்து 2006-இல் 65,000 டாலருக்கு ஒப்பந்தமானவர். 2010-இல் வில்மிங்டனில், மயர்ஸும் கேட்சராக இருந்த அதே அணியில், கேட்சராக ஆடி.290 அடித்தார், ஹோம் ரன் ஏழு. 2015 உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது, 2021-இல் 48 ஹோம் ரன் அடித்து அணிச் சாதனையைச் சமன் செய்ததும் அவரே. பின்னால் நடந்ததை மறந்துவிட்டு 2010-இன் எண்களை மட்டும் பார்த்தால் என்ன தெரிகிறது? வாக் மிகக் குறைவு, வலிமை இன்னும் வெளிப்படவில்லை. பட்டியல்காரர்கள் அவரைத் தவிர்த்ததற்கு இவை போதும். ஆனால் ஹாஸ்மரின் ஏழு ஹோம் ரன்களுக்கு வில்மிங்டன் மைதானத்தைக் கழிக்க ஒப்புக்கொண்டவர்கள் பெரெஸின் ஏழுக்கும் அதையே செய்ய வேண்டும். இருபது வயதில் அந்த மைதானத்தில் .290 அடித்துக்கொண்டே, கேட்சர் என்ற மிகக் கடினமான இடத்தில் அப்போதே தேர்ந்தவராகப் பெயரெடுத்தவர் வேறு யாரும் ராயல்ஸின் மைனர் லீக் அணிகளில் கிடையாது. அவர் சராசரியாக அடித்தாலே போதும், நின்ற இடம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஹாஸ்மருக்கோ அந்த வசதி இல்லை.

அணியின் உள்ளேயிருந்த வரிசை வெளியே வந்த பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்பதற்குச் சான்று உண்டு. 2011 ஆகஸ்டில் மேலே அழைக்கப்பட்ட பெரெஸ் 39 ஆட்டங்கள் மட்டுமே ஆடியிருந்த நிலையில், 2012 பிப்ரவரியில் ராயல்ஸ் அவரோடு எழுபது லட்சம் டாலருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. அதற்கு மேல் மூன்று ஆண்டுகளை நீட்டிக்கும் உரிமையும் அணியிடமே இருந்தது. ஹாஸ்மரையும் முஸ்டாக்கஸையும் அவர்களுடைய ஆறு ஆண்டுகளோடு விட்டுவிட்ட அணி, நூறு பேருக்குள் இடம் கிடைக்காத கேட்சரை எட்டு ஆண்டுகளுக்குக் கட்டிப்போட்டது. 2011 பிப்ரவரியில் எழுதும் வரிசையில் அவரை மூன்று மட்டையாளர்களுக்கு மேலே வைக்கும் துணிச்சல் எனக்கு இல்லை, அதற்கான ஆதாரமும் அப்போது இல்லை. லாமுக்குக் கீழே, டஃபிக்கு மேலே, ஐந்தாவது இடம் அவருக்கு. மான்ட்கமரியும் ஓடரிஸியும் கோலோனும் அவருக்குப் பின்னால், டுவயர் கடைசியில்.